எண்ணெய்ப் பாக்கெட்டில் படிக்க வேண்டிய வரி எது?

சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவோர் பலர்; ஆனால் கொலஸ்ட்ரால் இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றிலேயே குறிப்பிடத்தக்க அளவில் உண்டு என்பதால், அந்த வாசகம் எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும், தனிச்சிறப்பு ஏதுமில்லை. உயிரணுச் சவ்வு, பித்த அமிலம், வைட்டமின் டி, சில ஹார்மோன்கள் ஆகியவற்றுக்குத் தேவையான கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை, கல்லீரலை முதன்மையாகக் கொண்டு, உடலே தயாரித்துக்கொள்கிறது. நிறைவுற்ற கொழுப்பை (சாச்சுரேட்டட் ஃபேட்) மிகுதியாக உண்ணும்போது, கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களை இரத்தத்திலிருந்து உள்வாங்கும் கல்லீரலின் திறன் குறைய, அவை இரத்தத்தில் பெருகி, நாளடைவில் இதயத் தமனிகளின் சுவரில் படிகின்றன.

ஆகவே பாக்கெட்டைத் திருப்பி, சிறிய அட்டவணையில் ‘சாச்சுரேட்டட் ஃபேட்’, ‘டிரான்ஸ் ஃபேட்’ (அதைப் போலவே எல்.டி.எல்.லைக் கூட்டும் இன்னொரு வகைக் கொழுப்பு) என்னும் இரு வரிகளைப் பாருங்கள். நிறைவுற்ற கொழுப்பு 100 கிராம் நல்லெண்ணெயில் ஏறத்தாழ 15 கிராம், பாமாயிலில் 50 கிராம், தேங்காய் எண்ணெயிலோ 80 கிராமுக்கும் மேல். (அவியலுக்குத் தேங்காய் எண்ணெய் மணம் வேண்டும்தான்; இறக்கும்போது ஒரு தேக்கரண்டி விட்டால் போதும், பொரிப்பதற்கு அது வேண்டாம்.) கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுப்பவர்கள், எண்ணெயை மாற்றிவிட்டோம் என்று தாமாக மாத்திரையை நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.