என் வரிக்காசுல கேமா? மானியக் கோப்பு போடும் பிள்ளைகளுக்கு ஓர் அத்தையின் குறிப்பு

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் நான் பசியாறும் ரொட்டிக் கடைக்கு தினமும் ஒரு பெரியவர் வருவார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் தம்பி மகன் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து கணினி கேம் செய்கிறான், அதற்கு அரசாங்க மானியம் கேட்டுக் கோப்பு போடுகிறேன் என்று ஒருநாள் வாய்விட்டேன். சானாயைப் பிய்த்தபடியே கேட்டார்: "ஏம்மா, பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்துல கூரை ஒழுகுது. மருந்து வாங்க நம்பர் எடுத்து அரை நாள் உக்காந்திருக்கேன். என் வரிக்காசுல உங்க பிள்ளைங்க கேம் போடணுமா?"

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து விண்ணப்பப் பாரத்தைத் திறந்தால், அதே கேள்வி மரியாதையான மலாயில் இருந்தது: இத்திட்டத்தால் நாட்டுக்கு என்ன பயன்? அதனால் முதல் வேலை இதுதான். பாரத்தில் பெயர் எழுதுவதற்கு முன், உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு பெரியவரைப் பிடித்து, அவருக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் தேர்வுக் குழுவும் சுளிக்கும்.

நான் கேம்காரி இல்லை. பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் 22 வருடம் கணக்குப் பார்த்தவள். இதுவரை மூன்று கோப்பு போட்டேன், ஒன்று தேறியது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெரியவருக்கு நான் சொன்ன பதில் எங்கம்மாவிடமிருந்து வந்தது. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வரியில்லா வர்த்தக வட்டாரம் திறந்தார்கள். சிப் செய்யும் இன்டெல் அதே ஆண்டு பினாங்குக்கு வந்தது. வந்த கம்பெனிகளுக்கு வரிவிலக்கு உண்டு. அதுவும் மானியம்தான், பெயர்தான் வேறு. அம்மா அங்கே ஒரு லைனில் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் கண் வைத்து, முடியை விட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம். 'என் வரிக்காசுல சிப்பா' என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆனால் அத்தனை வருடம் அம்மா ஒட்டிய எதன் மேலும் நம் ஊர்ப் பெயர் கிடையாது. பெயர் அமெரிக்காவில், கூலி இங்கே.

கேம் தொழிலும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்டு விளையாட்டின் ஓவிய வேலையில் நம் நாட்டு லெமன் ஸ்கை நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 செய்த பெல்ஜியம் நாட்டு லேரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஸ்டூடியோ இருக்கிறது. நல்ல வேலை, நல்ல சம்பளம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த கேம் விற்கும்போது வரும் காசு எங்கே போய்ச் சேர்கிறது? நம் நாட்டு மெட்ரோனோமிக் செய்து 2020இல் வந்த நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ், பேஷன் ரிபப்ளிக் செய்து 2022இல் வந்த கிகாபேஷ் இரண்டும் வேறு மாதிரி. கதை, பாத்திரம், பெயர் எல்லாம் இங்கே பிறந்தவை. அரசாங்கம் கேமுக்குக் காசு கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், பெயர் நம் கையில் இருக்கும் என்றால் கொடுக்கலாம் என்பேன். பாக்கிக்கெல்லாம் சந்தை இருக்கிறது.

அதனால் கோப்பின் முதல் பக்கத்திலேயே இந்த கேமின் மூலநிரல், பாத்திரங்கள், இசை யாவும் யாருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, அதற்கு ஆதாரத் தாளும் வேண்டும். எங்கள் இரண்டாவது கோப்பு இங்கேதான் கவிழ்ந்தது. தம்பி மகன் செய்யும் கேமில், ஜார்ஜ்டவுன் தெருக்களில் தைப்பூச ரதத்துக்கு வழி விடவேண்டும். உடைந்த தேங்காய்க் குவியலை ஒதுக்கணும், தாழ்ந்து தொங்கும் ஒயரைத் தூக்கணும், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நேரத்தோடு போய்ச் சேரணும். உறுமி அடித்தது ஒரு கூட்டாளிப் பையன். 'ஃப்ரீயா எடுத்துக்க ப்ரோ' என்று வாட்ஸ்அப்பில் சொன்னான். அதை அச்சடித்துக் கோப்பில் வைத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள், சரியாகத்தான் அனுப்பினார்கள். உரிமையை மாற்றிக் கொடுக்கிறேன் என்று ஒரு பக்க ஒப்பந்தம், இரண்டு கையெழுத்து, பேருக்கு ஏதோ ஒரு தொகை, இவை வேண்டும். ஓவியருக்கும் இசைக்காரருக்கும் குரல் கொடுத்தவருக்கும் தனித்தனியாக வாங்கி வையுங்கள். சொந்தத் தம்பியாக இருந்தால் கட்டாயம் வாங்குங்கள்.

உள்ளூர் அடையாளம் பற்றிய பகுதியில் பிள்ளைகள் பதறுகிறார்கள். பிரிட்டனில் 2014இல் கேம்களுக்கு வரிச் சலுகை கொண்டுவந்தபோது கலாசாரத் தேர்வு ஒன்றும் வைத்தார்கள். 31 புள்ளிக்கு 16 எடுக்கவேண்டும். கதை நடக்கும் இடம், மொழி, வேலை நடக்கும் ஊர், வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. இப்படித் தேர்வு வைத்தால் யாராக இருந்தாலும் புள்ளிக்காக ஒட்டு வேலை செய்வார்கள். எங்கள் பிள்ளையும் செய்தான். ஜார்ஜ்டவுன் தெருவுக்குப் பின்னால் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் நிற்கிறது! "பினாங்குல ஏதுடா இரட்டைக் கோபுரம்?" என்றேன். "மலேசியான்னு தெரியணும்ல அத்தை" என்கிறான். எடுக்கச் சொன்னேன். ரதம் போன பிறகு தெருவில் கிடக்கும் தேங்காய் ஓட்டைக் கூட்டிப் பெருக்கும் நகராண்மைக் கழக ஊழியரை வை, அது போதும் என்றேன். அந்தப் பாத்திரம்தான் இப்போது கேமின் நாயகி.

வெளிநாட்டு உதாரணம் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி. வெற்றிக்குக் கனடாவின் கியூபெக் மாநிலம் போதும். 1997இல் மாநில அரசு சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்க முன்வந்ததால் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் கம்பெனி அங்கே மொண்ட்ரியல் நகரில் ஸ்டூடியோ திறந்தது. இன்று அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு கேம்தான் சோறு. ஆனால் அதுவும் பாயான் லெப்பாஸ் கதைதான், சலுகை நீளும் வரை கம்பெனி நீளும். தோல்வியை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், குழுவில் யாராவது ஒருவர் எப்படியும் கேட்பார். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம் 2010இல் 38 ஸ்டூடியோஸ் என்ற ஒரே கம்பெனிக்கு 7 கோடியே 50 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. நடத்தியவர் கர்ட் ஷில்லிங், பேஸ்பால் வீரர். 2012இல் ஒரு கேம் வந்தது, சில மாதத்தில் கம்பெனி திவால், சுமார் 400 பேருக்கு வேலை போனது. கடனை மக்கள் தலையில் கட்டினார்கள். பெரியவர் கேட்ட கேள்வியை அன்று அங்கே யாராவது கேட்டிருக்கலாம். உங்கள் கோப்பில் இதற்கு அடுத்த வரியாக, "நாங்கள் கேட்பது சிறிய தொகை, அதையும் கட்டம் கட்டமாகத்தான் கேட்கிறோம்" என்று எழுதுங்கள்.

கட்டம் என்றதும் என் சொந்த முட்டாள்தனம் ஞாபகம் வருகிறது. தேறிய கோப்பில் இரண்டாம் கட்டத்துக்கு 'கேம் 60 விழுக்காடு முடிந்திருக்கும்' என்று எழுதிவிட்டேன். தொழிற்சாலைப் பழக்கம். 60 விழுக்காடு என்றால் என்ன என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. விளக்கம் கொடுத்து முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. மானியம் பெரும்பாலும் வேலை முடிந்து, அறிக்கை போய், சரிபார்த்த பிறகுதான் வரும். அதுவரை நாலு பேருக்குச் சம்பளம்? என் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. இப்போது இப்படி எழுதுகிறேன்: 'முதல் தெரு, இரண்டு பாத்திரம், 10 நிமிடம் நிற்காமல் விளையாடலாம், விண்டோஸில் ஓடும்.' பார்க்கிறவர் விளையாடிப் பார்த்து ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல முடியவேண்டும்.

வரவு செலவில் எல்லாரும் மறப்பது சம்பளத்தின் வால். 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் முதலாளி பங்காக ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, 390 வெள்ளி. அதற்கு மேல் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஈபிஎஃப் கட்டியாகவேண்டும், மானியம் வந்ததா இல்லையா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். குறைந்தது மூன்று மாதச் சம்பளம் கையில் இல்லாமல் மானியத்தில் இறங்காதீர்கள்.

விற்பனை மதிப்பீட்டில் இன்னொரு ஓட்டை. கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர். விற்பதில் 30 விழுக்காடு அவர்களுக்கு. அமெரிக்காவுக்கும் நமக்கும் முழு வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்க வாடிக்கையாளர் தரும் பங்கில் இன்னொரு 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். 15 டாலர் கேமை ஓர் அமெரிக்கர் வாங்கினால் ஸ்டீம் போக 10.50, வரி போக 7.35. பிள்ளைகள் 15ஐ ஆயிரத்தால் பெருக்கிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் பென்சிலை எடுப்பேன்.

ஒரு முறை கிடைத்தால் மறுமுறையும் கிடைக்கும் என்று நம்பவேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2 கோடி டாலர் கேம் நிதி ஒன்று இருந்தது, 2014 பட்ஜெட்டில் ஒரே வெட்டில் போனது. 2022 ஜூலையிலிருந்து 30 விழுக்காடு வரிச் சலுகை அமலுக்கு வந்தது. இடையில் எட்டு வருடம். நம் ஊரிலும் மின்னியல் தொழிலைக் கவனிக்கும் அரசு நிறுவனமான எம்டெக்கின் திட்டங்களின் பெயரும் நிபந்தனையும் மாறும். போன வருடம் கூட்டாளி போட்ட பாரத்தை நகல் எடுக்காமல், இந்த வருட வழிகாட்டியை முழுக்கப் படியுங்கள்.

பெரியவரிடம் திரும்பப் போனேன். பாயான் லெப்பாஸ் கதையைச் சொன்னேன், கோப்பின் முதல் பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "பேரு நம்மகிட்ட இருக்கும்னா சரி," என்றார். அப்புறம் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா அந்தக் கூரை?" என்றார். அது வேறு அமைச்சின் காசு என்று நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. அவர் கேட்பதில் தப்பில்லை. என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக, அனுப்பும் நாள். மாலை 5 மணிக்கு இணையதளம் மூடும் என்றால் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். கோப்பு அளவைப் பாருங்கள், கேம் படங்களைப் போட்டால் பிடிஎஃப் ஊதிவிடும். கம்பெனிப் பதிவில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், 'தனியார் நிறுவனம்' என்று பொருள்படும் 'செண்டிரியான் பெர்ஹாட்' உட்பட. பெற்றுக்கொண்டோம் என்று வரும் மின்னஞ்சலை அச்சடித்துக் கோப்பின் முதல் தாளாகக் குத்தி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சாமி மேடைக்குப் பக்கத்தில், பிஸ்கட் டின்னில் இருக்கிறது.