ஜவ்வாது மலையின் மாலைப்பொழுது: புகையும் மரமும் கலந்த வாசனைத் திரவியம் செய்யும் முறை

ஜவ்வாது மலையில் பொழுது சாயும் நேரத்தில் நின்றிருப்பவர்களுக்கு ஒரு மணம் நினைவிருக்கும். பகலெல்லாம் காய்ந்த மண், சூடேறிய மரப்பட்டை, ஏதோ ஒரு வீட்டில் விறகடுப்பு மூட்டிய புகை ஆகியவற்றின் மீது குளிர் மெல்ல இறங்கும்போது எழும் மணம் அது. சந்தனத்துக்கும் சாமைக்கும் பெயர்பெற்ற அந்த மலையின் பெயரிலேயே ஒரு வாசனைப் பொடியும் உண்டு என்றாலும், இங்கே செய்யப்போவது அந்தப் பொடியின் இனிப்பு மணம் அல்ல. சந்தனம் பூசிக்கொள்வதில் நம் வழக்கம் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்ததில்லை. ஆகவே பூமணமும் சோப்பு மணமும் தவிர்த்து, மரத்தை நடுவில் வைத்துச் செய்யும் இந்தக் கலவை இருபாலருக்கும் பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புகை மணம் வேண்டுமென்றால் புகை எண்ணெயை நிறைய ஊற்ற வேண்டும் என்பது தவறான எண்ணம். ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தின் கட்டையைக் காற்றில்லாமல் சூடாக்கி எடுக்கும் கேட் (cade) எண்ணெயை முதன்முறை நான் நேரடியாக எட்டுச் சொட்டு விட்டேன். வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் மின்கம்பி கருகுகிறதோ என்று சுவிட்சுப் பலகையை முகர்ந்து பார்த்தார். புகையின் பெரும்பகுதி வெட்டிவேரிலிருந்தும், கோரையினத்தைச் சேர்ந்த நாகர்மோத்தாவின் கிழங்கு எண்ணெயிலிருந்தும் வர வேண்டும். கேட் எண்ணெய் அந்தப் புகைக்கு ஒரு விளிம்பு வரைந்தால் போதும்.

30 மில்லி குப்பி ஒன்றுக்கான அளவு இது. சந்தன எண்ணெய் 1.50 கிராம், வெட்டிவேர் எண்ணெய் 1.00 கிராம், தேவதாரு எண்ணெய் 0.80 கிராம், நாகர்மோத்தா எண்ணெய் 0.50 கிராம், குந்திரிக்க எண்ணெய் 0.35 கிராம், சாம்பிராணிச் சாறு 0.20 கிராம், ஏலக்காய் எண்ணெய் 0.15 கிராம், பத்து விழுக்காடாக நீர்த்த கேட் எண்ணெய் 0.50 கிராம்; ஆக மொத்தம் 5 கிராம். இதனுடன் 20 கிராம் ஆல்கஹால் சேரும். சொட்டுக் கணக்கு வேண்டாம், ஏனெனில் வெட்டிவேரின் ஒரு சொட்டும் ஏலக்காயின் ஒரு சொட்டும் ஒரே எடை இருப்பதில்லை; 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு அவசியம்.

பொருள்களை வாங்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது சந்தனம். இந்தியச் சந்தன மரம் அழியும் நிலைக்கு ஆளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதாலும் எண்ணெயின் விலை மிக அதிகம் என்பதாலும் கலப்படம் மலிந்துள்ளது. சந்தன எண்ணெய்க்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 3518-இன்படி, அதன் முக்கிய வேதிப்பொருளான ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு இருக்க வேண்டும். அந்தச் சோதனை அறிக்கையைத் தராத விற்பனையாளரிடம் வாங்காமலிருப்பதே நல்லது. விலை கட்டுப்படியாகாவிட்டால் ஆஸ்திரேலியச் சந்தன எண்ணெயைப் பயன்படுத்தலாம். பால் போன்ற மென்மை சற்றுக் குறையும், மரத்தன்மை நிற்கும். இரண்டாவது வெட்டிவேர். ஜாவாவிலிருந்து வருவது புகைந்த மணமும், ஹைட்டியிலிருந்து வருவது தெளிந்த மணமும் கொண்டவை. இந்தக் கலவைக்கு ஜாவா வகையே ஏற்றது. மூன்றாவது கேட் எண்ணெய். சுத்திகரிக்கப்பட்டது என்று குறிப்பிட்டிருப்பதை மட்டுமே வாங்க வேண்டும், ஏனெனில் சுத்திகரிக்காத கேட் எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருக்கும்.

ஆல்கஹால் 95 விழுக்காட்டுக்குக் குறையாத, வாசனைத் திரவியத்துக்கென்றே விற்கப்படும் எத்தனாலாக இருக்கட்டும். கை சுத்திகரிப்பானும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் உதவா. எத்தனால் கிடைக்காதவர்கள் ஹோஹோபா (ஜோஜோபா) எண்ணெயில் கலந்து உருட்டுக்குப்பியில் அடைக்கலாம். அப்போது சாம்பிராணி சரியாகக் கரையாது என்பதால் அதை விட்டுவிட வேண்டும்.

ஒரு கிராம் கேட் எண்ணெயை ஒன்பது கிராம் ஆல்கஹாலில் கலந்து தனியே வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணிச் சாறும் வெட்டிவேரும் கெட்டியாக இருந்தால் குப்பியோடு வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தினால் இளகும். அடுப்பில் நேரடியாகச் சூடாக்கக் கூடாது. கனமானவற்றை முதலில் ஊற்றி, பிறகு தேவதாரு, நாகர்மோத்தா, குந்திரிக்கம் என்று வந்து, ஏலக்காயை இறுதிக்கு முன் சேர்க்கவும். கேட் கரைசல் கடைசி. அதிலும் மேலே சொன்ன 0.50 கிராமில் பாதியை மட்டும் ஊற்றி, ஒரு தாள்பட்டையில் தொட்டு, பத்து நிமிடம் கழித்தும், ஒரு மணி நேரம் கழித்தும், மறுநாள் காலையிலும் முகர்ந்து பாருங்கள். முதலில் ஏலக்காயின் குளிர்ச்சி எழும். அது அடங்கியதும் காய்ந்த வேரின் நெடி. காலையில், முந்தைய இரவு அடுப்பருகே கிடந்த கம்பளியை எடுத்து உதறினால் வருவது போன்ற மெல்லிய வாடை மிஞ்சியிருக்க வேண்டும். கம்பளி தெரியாமல் வெறும் சந்தனம் மட்டும் தெரிந்தால், அந்த அளவின் மீதிப் பாதியைச் சேர்க்கலாம். போதும் என்று தோன்றினால் மீதியை விட்டுவிடுங்கள்.

இந்த எண்ணெய்க் கலவையை ஒரு வாரம் மூடி வைத்து, அதன்பின் ஆல்கஹாலை ஊற்றிக் குலுக்கி, வெளிச்சம் படாத இடத்தில் நான்கு வாரம் வைக்க வேண்டும். முதல் வாரத்தில் முகர்ந்தால் ஏமாற்றமாகவே இருக்கும். ஆல்கஹாலின் காரம் தணிந்து, தனித்தனியாக நிற்கும் மணங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்க அவ்வளவு நாள் பிடிக்கும். கலங்கலாக இருந்தால் ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் இந்த வேலையைச் சமையலறையில் செய்ய வேண்டாம்.

முழங்கை மடிப்பில் சிறிது தடவி, இரண்டு நாள் அரிப்போ சிவப்போ இல்லை என்றால் பயன்படுத்தத் தொடங்கலாம். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு முறை பீய்ச்சினால் போதும். வெட்டிவேரும் சாம்பிராணியும் வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை விடும். ஆகவே வேட்டியிலோ வெளிர்நிறப் புடவையிலோ அடிக்காமல், உடுத்துவதற்கு முன்பே தோலில் பூசி உலர விடுங்கள்.