சொந்த சர்வரில் சாட்: நிறுவிய பிறகு கழுத்தைப் பிடிக்கும் தவறுகள்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, காரைக்குடிக் கண்டாங்கிக் கடை, கானாடுகாத்தானில் விடுதியாகிவிட்ட பழைய வீடு என்று பலருக்கும் இப்போது வெப்சைட் இருக்கிறது. விலை கேட்டு வருகிறவரோடு அங்கேயே பேச ஒரு சாட் வேண்டும், அந்தப் பேச்சும் நம் கையிலேயே, அதாவது நாமே நடத்தும் சர்வர் கணினியில் இருக்க வேண்டும் என்று நினைப்பது நல்ல எண்ணம். வாடிக்கையாளரோடு பேச சாட்வூட், ராக்கெட்.சாட், ஊழியர்கள் தங்களுக்குள் பேச மேட்டர்மோஸ்ட் என்று மென்பொருள்கள் உண்டு, எதையும் ஒரு மதியத்தில் நிறுவிவிடலாம். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

முதல் தவறு, சர்வரை ஆபீஸ் மூலையில் வைப்பது. நம் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் தனிப் பொது ஐபி, அதாவது வெளியுலகம் நம்மைத் தேடி வரும் இணைய முகவரி, கிடையாது. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும். ரூட்டரில் தெரியும் இணையப் பக்க (WAN) ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், வெளியிலிருந்து உங்கள் சர்வரை யாரும் நேராகத் தொட முடியாது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளும் வரும். அன்றைக்குச் சிங்கப்பூர் வாடிக்கையாளர் வந்தால்? வெப்சைட் சாட்டுக்கு, டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்து நாமே நடத்தும் சர்வர்தான் சரி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பலரையும் குழப்புவது. சோதிக்கும்போது ஓடும், வாடிக்கையாளர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தட்டினால் இணைப்பு அறுந்திருக்கும். சாட் பெரும்பாலும் வெப்சாக்கெட்டில் ஓடுகிறது, அதாவது ஒருமுறை திறந்த இணைப்பு மூடாமல் கிடக்க வேண்டும். வருகிறவர்களை வாங்கிச் சாட் மென்பொருளுக்குக் கடத்திவிட முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், பின்னாலிருந்து 60 விநாடி எந்தத் தகவலும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. proxy_read_timeout என்ற அந்த அளவைக் கூட்டுங்கள். அப்கிரேட், கனெக்‌ஷன் என்ற இரண்டு ஹெட்டர்களையும் (கோரிக்கையோடு வரும் தலைப்புக் குறிப்புகள்) கடத்திவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெப்சாக்கெட் திறக்கவே திறக்காது. பக்கம் எச்டிடிபிஎஸ் (https என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரி) என்றால் சாட்டும் பாதுகாப்பான இணைப்பில்தான் வர வேண்டும். இல்லையென்றால் பிரவுசரே தடுத்துவிடும். அந்தப் பாதுகாப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாளுக்கு மேல் தாங்காது, புதுப்பிப்பைத் தானாக நடக்க விடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறு. வாடிக்கையாளர் பேச்சையும் ஊழியர் பேச்சையும் ஒரே இடத்தில் வைக்கிறார்கள். அடக்க விலை, கூலி, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்றெல்லாம் எழுதும் இடம் அது! ஓர் அனுமதியைத் தவறாகக் கொடுத்தால் போதும், அத்தனையும் வெளியே தெரியும். வாடிக்கையாளருக்கு ஒன்று, ஊழியர்களுக்கு இன்னொன்று என்று பிரியுங்கள். ஊழியர் சாட்டை விபிஎன் வழியாக, அதாவது நம் ஆட்கள் மட்டும் நுழையும் பூட்டிய இணைப்பு வழியாக மட்டும் திறக்க விடுங்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கும் வசதியை முதல் நாளே அணையுங்கள்.

சொந்த சர்வர் என்றாலும் மொபைல் அறிவிப்புகள் கூகுள், ஆப்பிள் வழியாகத்தான் போகும். அறிவிப்பில் செய்தியின் வாசகம் தெரியாதபடி அமைக்க முடியுமா என்று பாருங்கள்.

பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸை மட்டும் எடுத்து, அனுப்பிய படங்கள் கிடக்கும் ஃபோல்டரை விட்டுவிடுகிறார்கள். டைல்ஸ் வடிவம் கேட்டு வரும் படங்களே அங்கேதான் இருக்கும். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்தும் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, பதில் சொல்ல ஆளை முடிவுசெய்யாமல் சாட்டைத் திறக்காதீர்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பத்து மணிக்குக் கேட்டால் இங்கே காலை ஏழரை. கடை நேரத்தைச் சாட்டிலேயே பதிந்து, மற்ற நேரத்தில் வருகிறவரிடம் மின்னஞ்சலோ போன் எண்ணோ வாங்கிக்கொள்ளும்படி அமையுங்கள்.