தோல் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்களா? போனைத் திறக்க முன் ரிப்போட்டைத் திறவுங்கள்

அம்மாவின் வலது பாதத்தில், குதிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கறுப்புத் தடம் இருந்தது. ஆணி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எருக்கம்பால் வைத்தோம், பிறகு பார்மசியில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினோம், ஓரிடத்தில் மேல் தோலைச் சீவியும் விட்டார்கள், பயொப்சி என்ற சொல்லை அங்கே யாரும் எடுக்கவே இல்லை. ஏழெட்டு மாதம் போன பிறகுதான் ஒரு தோல் கிளினிக்கில் சின்னத் துண்டு வெட்டி அனுப்பினார்கள், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது. அன்றிரவு திருகோணமலை உப்புவெளி வீட்டில் ஆளுக்கொரு போனோடு விடியும்வரை தேடினோம். தம்பி படித்தது ஒன்று, நான் படித்தது அதற்கு நேர்மாறு, அம்மாவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அப்படியொரு இரவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, பயொப்சி ரிப்போட்டின் பிரதி ஒன்றைக் கையில் வாங்குவது. ‘தோல் புற்றுநோய்’ என்று தேடினால் வருவது பல நோய்களின் கலவை. பேசல் செல் என்ற வகை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மெதுவாக வளரும், உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது. ஸ்குவேமஸ் செல் என்ற வகை சிலருக்கு நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்குப் போகலாம். பழைய தீக்காயத் தழும்பிலும் வருடக்கணக்காக ஆறாத புண்ணிலும் வருவது அதிகம் இந்த வகைதான், யுத்த காலத்துத் தழும்போடு வாழ்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. மெலனோமா சின்னதாக இருந்தாலும் பரவக்கூடியது. ஒன்றைப் பற்றி எழுதியதை மற்றொன்றுக்குப் படித்தால் வீண் பயம் வரும், அல்லது வீண் தைரியம் வரும், இரண்டாவது இன்னும் ஆபத்து.

ரிப்போட்டில் நோயின் வகை, வெட்டிய ஓரம் சுத்தமா இல்லையா என்ற மார்ஜின், மெலனோமா என்றால் பிரெஸ்லோ என்று போட்டிருக்கும் மில்லிமீற்றர் கணக்கு, இவற்றைப் பாருங்கள். பிரெஸ்லோ என்பது கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற அளவு. அதை வைத்துத்தான் அடுத்த சத்திரசிகிச்சை தீர்மானமாகும். 1 மில்லிமீற்றர் வரை என்றால் சுற்றிவர 1 சென்ரிமீற்றர், 2 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் 2 சென்ரிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். இது தெரியாமல்தான் ‘முதலில் வெட்டினவர் பிழையாக வெட்டிவிட்டார், அதனால்தான் திரும்பவும் வெட்டுகிறார்கள்’ என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அம்மாவின் முன்னாலேயே சொன்னார். அது பிழை இல்லை, மெலனோமா சிகிச்சையின் வழமையே அதுதான். காலில் வந்தால் கவட்டு நெறியைச் சோதிப்பார்கள், அதற்கும் பதறத் தேவையில்லை.

சரி, இப்போது தேடலாம். ரிப்போட்டில் உள்ள ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போட்டுத் தேடுங்கள். தோல் நோய்களுக்கு நியூசிலாந்தின் டெர்ம்நெட் தளம் எனக்கு மிகவும் பிடித்தது, கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்ற படங்களும் அதில் உண்டு. கான்சர் ரிசர்ச் யூகே எளிமையான ஆங்கிலம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தளத்தில் நோயாளிக்கு ஒரு பதிப்பு, வைத்தியருக்கு ஒரு பதிப்பு என்று இரண்டு இருக்கும், முதலாவதைப் படித்த பிறகு இரண்டாவதுக்குப் போங்கள். நம் நாட்டு விபரங்களுக்கு சுகாதார அமைச்சின் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் இருக்கிறது. ஆங்கிலம் ஓடாவிட்டால் வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், போன் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி மருந்து விஷயத்தில் முடிவெடுக்க வேண்டாம்.

எந்தப் பக்கத்தைப் படித்தாலும் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பாருங்கள். மெலனோமாவுக்கு இது மிக முக்கியம். உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இபிலிமுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011இல்தான், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் எல்லாம் 2014இல். பரவிய மெலனோமாவைப் பற்றி அதற்கு முன் எழுதியதெல்லாம் வேறொரு காலத்துக் கதை. ‘எத்தனை வருடம் உயிரோடு இருப்பார்’ என்று சொல்லும் எண்களில் பெரும்பகுதி வெள்ளைத் தோல்காரர்களிடம் எடுத்த கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். அந்த எண்ணை அம்மாவின் முகத்தில் ஒட்டிப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் முள்ளுச்சீத்தா இலை வரும், மஞ்சள் வரும், அப்பச்சோடா வரும். அனுப்புகிறவர் அன்பில்தான் அனுப்புகிறார், அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் கட்டியின் மேல் எதையும் பூசவோ சுடவோ விடாதீர்கள், மேலே ஆறி உள்ளே வளர்ந்தால் யாருக்கும் தெரியாது. ‘வெயிலில் திரிந்ததால் வந்தது’ என்று பழி போடுகிறவர்களும் வருவார்கள். மீன்பிடிக்கும் வயலுக்கும் போகிறவர்களின் முகத்தில், காதில், உதட்டில் வருவதற்கு வெயில் காரணமாகலாம். உள்ளங்காலிலும் நகத்துக்கடியிலும் வரும் மெலனோமா வெயிலால் வருவதில்லை, கறுத்த தோல்காரருக்கு மெலனோமா வந்தால் அதில் இந்த வகையின் பங்கு அதிகம். பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்துக்கடியில் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார். நமக்கு இது வராது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வைத்தியரைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பதும் தப்பில்லை: பயொப்சித் துண்டை மெழுகுக் கட்டியில் வைத்து ஆய்வுகூடத்தில் பாதுகாப்பார்கள், திரும்ப வெட்டாமலே வேறு இடத்தில் பார்க்கலாம். கிளினிக்கில் சனம் நிரம்பி வழியும், வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம்தான், அதனால் மூன்றே மூன்று கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாங்கள் கேட்டவை: எந்தக் கட்டம், அடுத்து என்ன செய்வீர்கள், எந்த அறிகுறி வந்தால் திகதி வரும்வரை காத்திருக்காமல் ஓடி வர வேண்டும்.

திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலிருந்து மட்டக்களப்புக்கோ தெல்லிப்பழைக்கோ மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அனுப்பலாம். மஹரகமவுக்குப் போனால் சிங்களம் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்கு அதிகம் சொல்லித் தந்தவர் கிண்ணியாவிலிருந்து கணவரோடு வந்திருந்த ஒரு அக்கா, எந்தக் கவுண்டர், எங்கே மலிவாகத் தங்கலாம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படி ஒருவரைக் கண்டால் போன் நம்பரை வாங்குங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ்ஸும் சாப்பாடும் இழந்த நாட்கூலியும் ஆளைச் சாய்த்துவிடும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடித்து, புற்றுநோயாளர் உதவிப் பணத்துக்கு விண்ணப்பம் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கும் 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. வைத்தியரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள்.

மனம் தாங்காத இரவுகளில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழைக்கலாம், நோயாளி மட்டுமல்ல, பார்த்துக்கொள்கிறவரும். நோயாளியிடம் மறைக்காதீர்கள். நாங்கள் மூன்று வாரம் அம்மாவிடம் மறைத்தோம், கடைசியில் அவரே ‘புற்றுநோய்தானே, பெயரைச் சொல்லிப் பேசுங்கோ’ என்றார். அதற்குப் பிறகு கேள்வித் தாளை எழுதினதே அம்மாதான். இப்போதும் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, நல்ல வெளிச்சத்தில் பாதம், விரலிடுக்கு, நகம், கவட்டு நெறி எல்லாம் பார்த்து, ஒரு ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துத் திகதியோடு சேமிக்கிறோம். ஏதாவது மாறியிருந்தால் அந்தப் படத்தைத்தான் கிளினிக்கில் காட்டுவோம்.