மலைப்பாதைக்கு சைக்கிள் மல்டி-டூல்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டையில் "30 வேலை செய்யும்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மல்டி-டூலை (பல சாவிகள் ஒன்றாக மடங்கிய கருவி) வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த முப்பதில் பாட்டில் ஓப்பனரும் ஒன்றாக இருக்கும். குன்னூர் ரோட்டில் பாதியில் நின்றுபோன சைக்கிளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

கடைக்குப் போகுமுன் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்து, எந்த போல்ட்டுக்கு எது பொருந்தும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய கியர் சைக்கிள்களில் சீட், ஹேண்டில்பார், பிரேக் பெரும்பாலும் 4, 5, 6 மி.மீ. ஆலன் கீயில் (ஆறு பக்கக் குழிக்கான சாவி) அடங்கிவிடும். சின்னத் திருகுகளுக்கு 2, 2.5, 3. விலை குறைந்த கியர் சைக்கிள் என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டையும் பாருங்கள். பல வண்டிகளில் அது 15 மி.மீ. நட்டு. அதற்கான ஸ்பேனர் மல்டி-டூலில் அநேகமாக இருக்காது. சக்கரமே கழலாவிட்டால் புது ட்யூப் பையில் இருந்தும் போட முடியாது. ஆகவே ஒரு ஸ்பேனரைத் தனியாக எடுத்துப்போக வேண்டியதுதான்.

டிஸ்க் பிரேக் வண்டிக்காரர்கள் பலரும் மறப்பது டி-25. நட்சத்திரக் குழி போல்ட்டுக்கான சாவி அது. ரோட்டரை (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியோடு, பிடிக்கும் ஆறு போல்ட்டுகள் பெரும்பாலான வண்டிகளில் இந்த அளவுதான். தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவு; வழி முழுக்க பிரேக்தான் வேலை செய்கிறது. மழையில் இறங்கினால் ரோட்டரை அழுத்திப் பிடிக்கும் பேட் இன்னும் சீக்கிரம் தேயும். பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால் உடனே நின்று பேடை நெருக்கி வைக்க வேண்டும். கேபிளால் இழுபடும் டிஸ்க் பிரேக்கில் அதற்குச் சில மாடல்களுக்கு 5 மி.மீ. கீ, சிலவற்றுக்கு டி-25. ஊர்ப் பஞ்சர் கடையில் பைக், லாரிக்கான ஸ்பேனர் எல்லாம் கிடைக்கும், டி-25 கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இறங்கி நின்றதும் ரோட்டரைக் கையால் தொட வேண்டாம், சுட்டுவிடும்.

இறக்கத்தில் பிரேக் என்றால் ஏற்றத்தில் செயின். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது, பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றுகிறவர்களுக்குத்தான் செயின் அறுகிறது. விலை மிச்சம் என்று செயின் டூல் (கண்ணியின் பின்னைத் தள்ளி எடுக்கும் கருவி) இல்லாத மல்டி-டூலை வாங்கிவிட்டால், வளைந்துபோன கண்ணியைக் கழற்ற வேறு வழியில்லை. குவிக் லிங்க் (செயினைக் கையாலேயே இணைக்கும் கண்ணி) மட்டும் வைத்திருந்தால் போதாதா என்பார்கள். போதாது. கெட்ட கண்ணியை எடுத்த பிறகுதான் அது வேலைக்கு ஆகும். அதிலும் 8 ஸ்பீட் (பின்னால் 8 பல்சக்கரம்) வண்டிக்கான லிங்க் 10 ஸ்பீட் செயினுக்குப் பொருந்தாது. மலிவான செயின் டூலில் ஊசி வளைந்துவிடும். கடையில் ஒரு பழைய செயின் துண்டு கேட்டு, அங்கேயே ஒரு பின்னைத் தள்ளிப் பாருங்கள். பர்லியாறு பக்கம் யானை கடக்கும் இடங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்து முதல்முறையாகச் செயின் கழற்றப் பழகுவது நல்லதல்ல.

அடுத்தது நீளம். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று மிகச் சின்னதை எடுத்தால், இறுகிப்போன பெடலைத் திருப்ப அதில் பிடிமானம் போதாது. தடித்த டூல் என்றால் பாட்டில் ஹோல்டர் போல்ட்டைத் திருப்பும்போது ஃபிரேமில் இடிக்கும். ஆன்லைனில் வாங்குவதைவிட, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கே போவது மேல் என்று சொல்வது இதனால்தான்.

மெட்டல் எப்படி என்பதையும் பாருங்கள். மெத்தென்ற இரும்பில் செய்த கீயின் முனை மழுங்கும், கூடவே போல்ட்டின் குழியையும் கெடுக்கும். குரோம் வனேடியம் எஃகு என்று போட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு, இடையில் மூடுபனி. சீட்டுக்குக் கீழே பையில் கிடக்கும் டூல் துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய ட்யூப் துண்டில் சுற்றி வையுங்கள்.

அப்புறம், மல்டி-டூல் இருந்தால் பஞ்சருக்கும் ஆச்சு என்று நினைக்க வேண்டாம். ட்யூப், பம்ப், டயரை நெம்பிக் கழற்றும் பிளாஸ்டிக் டயர் லீவர் எல்லாம் தனி. சில டூல்களோடு வரும் இரும்பு லீவர் ட்யூபையே கடித்து ஓட்டை போட்டுவிடும்.

வாங்கிய அன்றே வீட்டு வாசலில் சக்கரத்தைக் கழற்றி மாட்டி, பிரேக்கையும் ஒருமுறை நெருக்கிப் பாருங்கள். எது குறைகிறது என்று அன்றைக்கே தெரிந்தால் மாற்றிக் கேட்கலாம். முனையில் கீறல் விழுந்த டூலை ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோனால் எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார்.