சபை வாலிபனுக்குத் தகப்பனாக இருப்பது எப்படி

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஊழியம் செய்கிற போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். நம் சபைகளில் பிரசங்கத்துக்குக் குறைவே இல்லை, ஞாயிறு ஆராதனை, வாரநாள் ஜெபம், வாலிபர் கூட்டம் என்று பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வாய் என்று பையன்களைக் கேட்டுப் பாருங்கள், நம் பெயர் வருவது அபூர்வம். உபாத்தியாயர்கள் பதினாயிரம் பேர் இருந்தாலும் தகப்பன்மார் அநேகர் இல்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இன்று நமக்கும் பொருந்துகிறது.

முதலில் ஆட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேர் போதும், மற்றவர்களை மூப்பர்களிடம் பிரித்துக் கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஆன்ட்டி பொறுப்பாக இருக்கட்டும். அந்த மூன்று நான்கு பேரின் வீடு உங்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். துணி ஃபேக்டரி மூடியதிலிருந்து அப்பா சும்மா இருக்கிறாரா, பாட்டியின் பென்ஷனில்தான் அடுப்பு எரிகிறதா, மெட்ரிக்கில் எந்தப் பாடம் இடிக்கிறது, எல்லாம். தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று பவுலுக்குப் பெயரோடு தெரியும், அவனுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வரும் என்பதும் தெரியும்.

பேச வைப்பதற்கு ஆபீஸுக்குக் கூப்பிடாதீர்கள். ஆராதனை முடிந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கும்போது நீங்களும் கூட நின்று அடுக்குங்கள், கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும். "வீட்ல எல்லாம் சரியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "ஓகே அங்கிள்" என்பான். அடுத்த வாரமும் கேளுங்கள். அவன் இங்கிலிஷில் பேசினால் நீங்களும் இங்கிலிஷிலேயே பேசுங்கள், தமிழ் வரவில்லையே என்று குறை சொல்ல அது நேரம் இல்லை.

சுகர்ஸ் என்கிற போதைப்பொருள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் அது எத்தனையோ வீடுகளை அழித்துவிட்டது. அதில் இருப்பது ஹெராயின் கலவை. நிறுத்திய முதல் சில நாட்கள் உடம்பு வலி, வயிற்றுப் பிடிப்பு, மூக்கொழுகல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். அதைப் பிசாசின் பிடி என்று மட்டும் நினைத்து ராத்திரி முழுக்கத் தலையில் கைவைத்து ஜெபித்ததோடு விட்டுவிடாதீர்கள். ஜெபியுங்கள், விடிந்ததும் நீங்களே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் அவன் பக்கத்தில் உட்காருங்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவுகிற சான்கா மாதிரி அமைப்புகளிடம் சிகிச்சைக்கு விசாரியுங்கள். பெற்றோரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சில வாரம் நிறுத்தியிருந்தவன் திரும்பப் பழைய அளவையே எடுத்தால் உயிரே போகலாம், உடம்புக்கு அதைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். மறுபடி விழுந்தவனைத் திட்டி விரட்டினால் அவன் ஒளிந்து தனியாகத்தான் எடுப்பான், ஏதாவது ஆனால் தூக்கிவிட ஆள் இருக்காது.

பண உதவியா? கையில் ராண்ட் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு ப்ரீபெய்ட் கரன்ட் டோக்கனோ மளிகையோ வாங்கிக் கொடுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சந்திக்கவே கூடாது, நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் பேசுங்கள். அடி, பாலியல் தொல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், சபை மானம் போய்விடும் என்று மூடி மறைக்காதீர்கள். இந்த நாட்டின் 2005ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, புகார் சொல்லியே ஆக வேண்டியவர்கள் பட்டியலில் மத ஊழியர்களையும் வைத்திருக்கிறது. போலீஸுக்கோ சமூக மேம்பாட்டுத் துறைக்கோ சொல்லுங்கள். ஏலி தன் பிள்ளைகள் செய்த அக்கிரமம் தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை, அதற்குக் கர்த்தர் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியும்.

கண்டிக்கத்தான் வேண்டும், ஆனால் மைக்கில் கண்டிக்காதீர்கள். பையன் முதல்முறை பிரசங்கம் பண்ணிச் சொதப்பினால் அன்றைக்கே திருத்தாதீர்கள், சாப்பிட வையுங்கள், இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடிக்கு அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயரில் இருப்பது நமக்கும்தான்.

அப்புறம், அனுப்பப் பழகுங்கள். ஆவிக்குரிய தகப்பன் என்று சொல்லிப் பையனைப் பை தூக்கவும் கார் ஓட்டவும் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பவுல் தீமோத்தேயுவைக் கொரிந்துவுக்கு அனுப்பினார், அதோடு நிற்காமல், அவன் உங்களிடம் பயமில்லாமல் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் அவனை அசட்டைபண்ண வேண்டாம் என்று அந்தச் சபைக்கே எழுதினார். உங்கள் பையன் வேலை கிடைத்து ஜோகன்னஸ்பர்க் போனால் அங்கே உள்ள போதகருக்கு முன்கூட்டியே போன் போடுங்கள்: "நம்ம பையன் வர்றான் பாஸ்டர், முதல் சம்பளம் வரைக்கும் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவான், கொஞ்சம் பார்த்துக்குங்க." அவன் அங்கேயே வேறு சபையில் சேர்ந்துவிட்டாலும் சரி, மாதம் ஒருமுறையாவது அவனைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.