நுங்கு இளநீர்க் கடல்பாசி குழைவாக வர

கடல்பாசி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரோஸ் நிறத்தில், டைமண்ட் வடிவத்தில் வெட்டி அடுக்கிய பால் கடல்பாசிதான். நோன்பு திறக்கும்போது கையில் எடுத்துச் சாப்பிட அது தோது. வெயில் காலத்துக்கு இன்னும் லேசாக வேண்டும். பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் இல்லாமல், ஸ்பூனால் அள்ளினால் தளதளவென்று ஆடி, நுங்கோடு சேர்ந்து தொண்டையில் நழுவ வேண்டும். இந்தக் குழைவைத் தீர்மானிப்பவை இரண்டு: பாசியின் அளவு, அதில் ஊற்றும் இளநீரின் சூடு.

ஆறு கப்புக்கு உலர்ந்த கடல்பாசி இழை 6 கிராம் போதும். கடைகளில் சைனா கிராஸ் என்று 10 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பொடியாக இருந்தால் 4 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் துண்டு போடுவதற்கானது. அதை அப்படியே பின்பற்றினால் ரப்பர் மாதிரி வரும். இதோடு தண்ணீர் 300 மி.லி., இளநீர் 500 மி.லி., சர்க்கரை 3 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, இளசான நுங்கு எட்டு, கிடைத்தால் இளநீரின் வழுக்கை.

நுங்கு வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி, உள்ளே தண்ணீர் தளும்புவது தெரிந்தால் இளசு. கல்லாக இருந்தால் முற்றியது. மெல்லவும் முடியாது, வயிற்றுக்கும் ஆகாது. மேல்தோல் துவர்க்கும் என்பதால் அதை உரித்தே ஆக வேண்டும். பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தால் நகத்தால் கீறி இழுக்கும்போது தோல் சுலபமாக வரும். இதை ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்துச் செய்யுங்கள். உள்ளிருக்கும் தண்ணீர் கிண்ணத்தில் விழும். அதை இளநீரோடு சேர்த்து மொத்தம் 500 மி.லி.க்கு மிகாமல் அளந்துகொள்ளுங்கள். அளக்காமல் ஊற்றினால் பாசி உறையாமல் கஞ்சியாக நிற்கும். உரித்த நுங்கை நறுக்கி, சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் பாசி அதைப் பிடிக்காது, ஸ்பூன் பட்டதும் நுங்கு தனியாகக் கழன்றுவிடும்.

இழைகளைக் கத்தரிக்கோலால் சிறிதாக வெட்டி, அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, 300 மி.லி. தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். பொடிக்கு ஊறல் தேவையில்லை, ஆனால் பச்சைத் தண்ணீரில் கலந்த பிறகே அடுப்பேற்ற வேண்டும். சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். கடல்பாசி முழுதாகக் கரைய ஏறக்குறைய 90 டிகிரி சூடு வேண்டும்; வெறுமனே சூடு காட்டினால் கரையாது. சிறுதீயில் எட்டு முதல் பத்து நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி நூல்போல இழை ஓடினால் இன்னும் வேகவில்லை. இழை எதுவும் தெரியாத பிறகுதான் சர்க்கரையும் உப்பும். முன்கூட்டியே சர்க்கரை போட்டால் பாசி கரைவது தாமதமாகும். கொதித்து வற்றியது போக 250 மி.லி. அளவுக்கு நிற்க வேண்டும். டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள்.

இளநீரை மட்டும் கொதிக்கவிடாதீர்கள். அதன் மணம் போய்விடும், ஒருவித வெந்த வாடை ஏறும். அதற்காக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றவும் கூடாது. இந்தப் பண்டம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே போனதும் உறையத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் 250 மி.லி. பாசித் தண்ணீரில் 30 டிகிரியில் இருக்கும் இளநீர் 500 மி.லி. சேர்ந்தால் கலவை 50 டிகிரியை ஒட்டி நிற்கும். கலக்கி ஊற்ற அவகாசம் இருக்கும். 5 டிகிரி இளநீர் என்றால் 35க்கு இறங்கி, கலக்கும்போதே நூல்நூலாகத் திரிந்துவிடும். அதனால் இளநீர்ப் பாத்திரத்தைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தி, வெதுவெதுப்பாக்கி, சிறு தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள்.

கப்பில் ஊற்றும் முன் ஒரு ஸ்பூன் கலவையை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உறைந்து, தட்டைச் சாய்த்தாலும் ஓடாமல், விரல் பட்டால் நடுங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான இளநீர் சேர்க்கலாம். உறையவே இல்லையென்றால் இன்னும் 1 கிராம் பாசியைச் சிறிது தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்துச் சேருங்கள். இனிப்பையும் இப்போதே ருசி பார்த்துவிடுங்கள். குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். சூட்டில் ஒரு படி கூடுதலாக இருந்தால் சரியாக வரும். அப்படியும் ஒரு கப்புக்கு ஏழெட்டு கிராம் சர்க்கரைக்கு மேல் போகாது. பனங்கற்கண்டு போட்டால் மணம் நன்றாக இருக்கும், நிறம் மட்டும் பழுப்பாகும். ஏலக்காய், எசென்ஸ் எதுவும் வேண்டாம். இளநீர் அதைத் தாங்காது.

முதலில் கப்பில் பாதி ஊற்றுங்கள். மேலே மெல்லிய ஆடை கட்டத் தொடங்கும்போது நுங்கையும் வழுக்கையையும் பரப்பி, மீதியை ஊற்றுங்கள். அதுவரை மீதிக் கலவை இருக்கும் பாத்திரம் வெந்நீரில் நிற்கட்டும். அடித்தட்டு முழுதாக இறுகிய பிறகு ஊற்றினால் இரண்டு தட்டும் ஒட்டாமல் வழுக்கிப் பிரியும். அறையிலேயே அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைப்பது குளிர்ச்சிக்காக. ஃப்ரீஸரில் வைத்தால் தண்ணீர் பிரிந்து பஞ்சாகிவிடும்.

நுங்கு கிடைக்காதபோது பங்கனப்பள்ளி மாம்பழம், பப்பாளி, மாதுளை போடலாம். தர்பூசணி வேண்டாம், தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அன்னாசியைப் பச்சையாகவே போடலாம். ஜெலட்டினில் போட்டால் அன்னாசியின் நொதி அதை உறையவிடாது. கடல்பாசிக்கு அந்தத் தொல்லை கிடையாது. எலுமிச்சை, ஆரஞ்சுச் சாற்றை மட்டும் பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாசியின் பிடிப்பு தளர்ந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் பிரச்சினை இல்லை.

ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது, கடல்பாசி கடலில் விளைவது. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசி என்ற வகையும் இந்தக் கடல்பாசி தயாரிக்கத்தான் போகிறது. கடல்பாசியில் பெரும்பகுதி நார்ச்சத்துதான்.

மூடி வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் கசிவது இயல்பு, வடித்துவிட்டுச் சாப்பிடலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்காதீர்கள்.